வெளுத்துப்போன மணல்

தெருவில் அவரைத் துருக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரிலேயே அழுக்கு ஏறிவிட்டதே என்று அவர் மனைவிக்குத் தீராத மனக்குறை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சட்டையில் படியும் செம்பழுப்புக் கறையோடு மல்லுக்கட்டி வருகிறாள். ஒருநாளும் ஜெயித்ததில்லை.

அவர் வேலை அப்படி. அந்தப் பகுதிக் கிணறுகளில் ஆர்சனிக் என்கிற நஞ்சு கரைந்திருக்கிறது. பார்க்கத் தெளிந்த தண்ணீர்தான். நிறமில்லை, வாடையில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. ஆனால் அந்த நஞ்சுக்குத் துரு என்றால் உயிர். மணலை இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, வறுத்து எடுத்தால் மணல் மேலெல்லாம் துரு படிந்துவிடும். அதன் வழியே தண்ணீர் இறங்கும்போது நஞ்சு துருவில் போய் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் சீட்டு பிடித்தவன் லேசில் எழுந்திருப்பானா? அந்தக் கதைதான். சீட்டெல்லாம் நிறைந்ததும் மணலை மாற்றிவிட வேண்டும். ஊரூராகப் போய் இப்படித் தொட்டி அமைப்பதும் மணல் மாற்றுவதும்தான் அவர் பிழைப்பு. தெருமுனைத் தொட்டி அவர் கட்டியது. வீட்டுச் சமையலறையிலும் சின்னதாக ஒன்று வைத்திருந்தார்.

மருமகனுக்குக் கப்பலில் வேலை. அதனால் ஏழு மாத வயிற்றோடு மகள் இவர்களிடம் இருந்தாள்.

வெளியூர் வேலை முடிந்து ஒரு மாலை அவர் வீடு திரும்பினார். மனைவியின் முகத்தில் ஒரே பூரிப்பு. பையைக்கூட வைக்கவிடாமல் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"புள்ளத்தாச்சி குடிக்கிற தண்ணி, அந்த மணலைப் பார்க்கவே சகிக்கல. வெறும் தண்ணில கறை போவேனான்னுச்சு. எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு ஊறவெச்சு, கை எரிய எரியத் தேய்ச்சேன். இப்ப பாருங்க!"

தொட்டிக்குள் மணல் சர்க்கரை மாதிரி வெளுத்துக் கிடந்தது.

அவர் ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தார். "எப்ப தேய்ச்ச?"

"நீங்க கிளம்பின மறுநாளே."

அவர் பையிலிருந்து சோதனைக் குப்பியை எடுத்து, தொட்டித் தண்ணீரைப் பிடித்து, பொடியைப் போட்டு, குப்பியின் வாயில் காகிதப் பட்டையைச் செருகினார். வெள்ளைப் பட்டை மெல்ல மஞ்சளாகி, பழுப்பானது. பழுப்பு என்றால் நஞ்சு என்று அவளுக்கும் தெரியும். எத்தனை வீடுகளில் அவர் சோதித்த கதையைக் கேட்டிருக்கிறாள்! மணலில் துரு எதற்கு என்றுதான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அது அழுக்கு இல்லம்மா. அதுதான் வேலை செய்யுது," என்றார் தணிந்த குரலில்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ என் பொண்ணுக்கு இத்தனை நாளா நானே..."

"நான் அதைக் குடிக்கலம்மா."

வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். "மணல் வெளுத்ததைப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு. நீ மத்தியானம் கண் அசரும்போது குடிதண்ணிப் பானையைக் கொட்டிட்டு, தெருமுனைத் தொட்டித் தண்ணியைப் பிடிச்சு ஊத்திடுவேன். நீயும் அதைத்தான் குடிச்ச."

"ஏன்டி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உன் உள்ளங்கையெல்லாம் கொப்புளமா இருந்துச்சு. எனக்காகத் தேய்ச்ச கை. அதைப் பார்த்துட்டு எப்படிம்மா சொல்றது? அப்பா வரட்டும்னு இருந்தேன்."

அம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே திட்டினாள். "இந்த வயித்தைத் தள்ளிக்கிட்டு தெருமுனைக்கு நடந்தியா? குடம் தூக்கினியா? உனக்கு அறிவிருக்கா?"

"குடம் இல்லம்மா, பாட்டில்தான்."

"அப்ப எத்தனை நடை நடந்த!"

துருக்காரருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. தன் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் நினைத்து அவருக்குப் பெருமை தாங்கவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை கொல்லைப்புறத்தில் புது மணலைக் கரைசலில் கொட்டித் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தார். பின்னால் கொலுசுச் சத்தம். கொடியில் கிடந்த அவருடைய பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, கைகளில் ரப்பர் உறையோடு மனைவி வந்து நின்றாள். துடுப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தள்ளி நில்லு, தெறிக்கும். பட்டா கறை போகாது," என்றார்.

"போகவே வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அவள் கிளற ஆரம்பித்தாள்.