குப்பைத் தூளும் நன்றிப் பக்கமும்

என் அம்மா ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரியின் சலிக்கிற அறையைக் கூட்டுகிறவர். இந்த ஒரு வரியைக் கெம்பஸில் இருந்த நாலு வருசமும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி வருச ஆய்வாக, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எரிபொருளைப் பிரிக்கும் வேலை எனக்கு வந்தது. அதற்கு வினையை வேகப்படுத்த ஓர் ஊக்கி வேண்டும். பிளாட்டினம் நல்லது, ஆனால் எங்கள் ஆய்வுகூடத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஏதாவது கழிவைக் கரியாக்கி, நிக்கல் உப்பில் ஊறவைத்துச் சுட்டால் ஓரளவு அதே வேலையைச் செய்யும் என்றார் விரிவுரையாளர். மற்றவர்கள் தேங்காய்ச் சிரட்டை, உமி என்றார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "எங்க ஃபெக்டரியில தேயிலைக் குப்பை நிறைய இருக்கு சேர்" என்றேன்.

"உம்மட ஃபெக்டரியோ?" என்றார். நான் மறுக்காமல் சிரித்து வைத்தேன்.

"அப்ப நல்லம். மனேஜருக்கு ஒரு கடிதம் தரட்டோ?"

"தேவையில்ல சேர்."

கடிதம் போனால் நான் யார் மகள் என்பது பதிலில் வந்துவிடுமே.

தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும், சலித்து ஒதுக்கிய குப்பைத் தூள் ஒரு பிடி கேட்டைத் தாண்டினாலும் களவுதான். கடைக்காரர்கள் நல்ல தூளோடு கலந்துவிடுவார்கள் என்று, ஃபெக்டரியிலேயே சுண்ணாம்பு போட்டுப் பாழாக்கித்தான் வெளியே விடுவார்கள். எனக்கோ சுண்ணாம்பு படாத தூள் வேண்டும். எல்லாம் தெரிந்துதான் அம்மாவிடம் கேட்டேன்.

"படிப்புக்குத்தானே புள்ள, கொண்டாறேன்" என்றார்.

தினமும் சோத்துப் பெட்டியில் ஒரு பிடி. மூன்றாவது வாரம் கேட்டில் வாச்சர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

விசாரணையில் அம்மா, வீட்டில் குடிக்க எடுத்ததாகச் சொல்லிவிட்டார். என்னைச் சொன்னால் கெம்பஸை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயம். ஃபெக்டரி வேலை போனது. முட்டி வலியோடு மலையேறிக் கொழுந்து எடுக்கப் போனார். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் 'தூள் கள்ளி' என்று பட்டம் வேறு.

தூள் ஆய்வுக்குத்தான் என்று சேரிடம் அந்தக் கடிதத்தை வாங்கிக் கொடுத்திருந்தால் அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்கும். அவருடைய அறை வாசல் வரை இரண்டு தடவை போனேன். ஃபெக்டரி கூட்டுகிறவரின் மகள் என்று சொல்ல நாக்கு எழவில்லை, திரும்பிவிட்டேன். என்னைப் போல ஒரு வெட்கங்கெட்டவளை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஊக்கி நன்றாகவே வேலை செய்தது. அம்மா கொண்டுவந்த தூள் கரியாகித் தகட்டில் ஒட்டியிருக்க, அதிலிருந்து குமிழிகள் பொங்கின. வாயுவைக் குழாயில் பிடித்து நெருப்புக் குச்சியைக் காட்டியதும் 'பொப்' என்றது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

லீவில் வந்தபோது ஆய்வுப் புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தேன். முழுக்க ஆங்கிலம். அட்டையைத் தடவிக்கொண்டே, "இதுல என்னப் பத்தி ஏதும் போட்டிருக்கியா?" என்று கேட்டார்.

மூலப்பொருள் தந்து உதவிய தோட்ட நிர்வாகத்துக்கு என்றுதான் நன்றிப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அந்த வரியில் விரலை வைத்து, "தூள் கொண்டுவந்து தந்த என் அம்மாவுக்கு நன்றி" என்று வாசித்தேன். அம்மா அந்தப் பக்கத்தில் அடையாளமாக ஒரு பஸ் டிக்கட்டை வைத்து மூடினார்.

மறுநாள் காலை புத்தகத்தைக் காணோம். நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீ மேக்கரிடம் காட்டப் போய்விட்டார், தான் களவெடுக்கவில்லை என்பதற்கு எழுத்தில் சாட்சி கிடைத்துவிட்டது என்று. நான் பின்னால் ஓடியிருக்கலாம். லயத்து வாசலிலேயே நின்றேன்.

பத்து மணிபோல் திரும்பி வந்தார். புத்தகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து அலுமாரி மேல் வைத்தார்.

"ஐயா ரெண்டு தரம் படிச்சுப் பாத்தாரு. தோட்டத்துத் தொரைமாருக்குத்தான் நன்றி சொல்லியிருக்காம்."

என் முகத்தைப் பார்க்காமல் சேலைத் தலைப்பை உதறிச் செருகினார். பிறகு சொன்னார்: "அடையாளம் வைக்கையில நான்தான் பக்கத்த மாத்தி வச்சுட்டேன் போல. அது எந்தப் பக்கம்னு காட்டு புள்ள, நாளைக்கி மறுபடி போறேன்."