மார்க் குறைந்தால் பாஸ்

ஆஸ்பத்திரிக் கவரைப் பிரித்ததும் ஜோஸ்பின் டீச்சர் முதலில் எழுத்துப்பிழைதான் தேடுவார். தன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருத்துவார். பிறகுதான் கண் எண்ணுக்குப் போகும்.

வீடு அட்டுவம்பட்டி. கொடைக்கானல் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எண்பத்திரண்டாம் வருடம் மதுரையில் இவருடைய பெருங்குடலிலிருந்து புற்றுக்கட்டியை அறுத்தெடுத்தார்கள். அதிலிருந்து மூன்று மாதத்துக்கொருமுறை ரத்தம் கொடுக்கிறார். அது மெட்ராஸ் போய், சி.இ.ஏ. என்று ஓர் எண்ணாகத் திரும்பி வரும். ஐந்துக்குள் இருந்தால் நிம்மதி. ஏறினால், நோய் மறுபடி தலைகாட்டுகிறதா என்று தேட வேண்டும்.

"முப்பது வருசமா மார்க் கொறஞ்ச பிள்ளைகளத் திட்டுனேன். இப்ப நான் கொறச்சு வாங்குனாத்தேன் பாஸு" என்பார், ஆசிரியர் அறையே சிரிக்க.

ஆபரேஷனுக்கு முன்பு முப்பத்தெட்டு. பின்பு மூன்று. ஒன்றரை வருடம் அப்படியே நின்ற எண், போன தை மாதம் பதினொன்று ஆகிவிட்டது.

"நான் நல்லாத்தான இருக்கேன். இந்த நம்பருக்கு என்ன கோளாறு?" என்று மதுரை டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனார். ஸ்கேனில் ஈரலில் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்தது. மாதம் ஐந்து நாள் ஊசி என்று முடிவாயிற்று.

"மருந்து கேக்குதான்னு மூணு மாசம் கழிச்சுப் பாப்போம். நம்பர மட்டும் நம்ப முடியாது, ஸ்கேனும் எடுக்கணும். ஏறுச்சுன்னா வேற வழி யோசிக்கணும்" என்றார் டாக்டரம்மா.

ஊசி நாட்கள் தவிர ஒரு நாள்கூட டீச்சர் லீவு போடவில்லை. ஆனால் மூன்று மாதம் கழித்து மதுரையில் கவர் கைக்கு வந்தபோது அதைப் பிரிக்கவில்லை. ஓட்டலில் சமையல்காரராக இருக்கும் கணவர் அலெக்சாண்டரிடம் நீட்டினார். வீட்டிலும் அவர் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"நீங்களே பாருங்க."

"ஆறு, டீச்சர்."

"ஒழுங்காப் பாருங்க. தலகீழாப் பிடிச்சா ஒம்பது ஆறாத்தேன் தெரியும்."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி நேராக்கினார். "ஆறுதேன்."

ஈரல் புள்ளியும் சுருங்கியிருந்தது. ஊசியைத் தொடரச் சொல்லி டாக்டரம்மா அனுப்பிவைத்தார்.

திரும்பும் பஸ் வத்தலக்குண்டில் நின்றது. ஊசி தொடங்கியதிலிருந்து எதை வாயில் வைத்தாலும் டீச்சருக்கு இரும்பை நக்கியது போலிருக்கும். இன்று அவரே ஜன்னல் வழியே கைநீட்டிக் கூடைக்காரியிடம் ஒரு கொய்யாப்பழம் வாங்கினார்.

"மொளகாப்பொடி ஒத்துக்குமா, டீச்சர்?" என்றார் அலெக்சாண்டர்.

டீச்சர் பாதியைத் தின்று முடித்துவிட்டு, மீதியை மறுபடியும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார், இன்னும் கொஞ்சம் பொடி தூவச் சொல்லி.