மறுபடியும் உறையவைத்த வைரஸ்

காக்ஸ் டவுன் ஐரினுக்கு வேலை வைரஸ் செய்வது. மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம், இது ஊரில் பரவுகிற சமாச்சாரம் இல்லை. நோய் கொடுக்கும் பகுதியெல்லாம் எடுத்துவிட்ட, பல் பிடுங்கிய வைரஸ். மனித செல்லுக்குள் நுழைந்து, கையோடு கொண்டுபோன ஒரு கட்டளையை வைக்கும். அந்தக் கட்டளை ஏதோ ஒரு ஜீனை அடக்கிவிடும். அப்படி அடக்கினால் செல்லுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் அந்த ஆராய்ச்சிக்கூடமே நடக்கிறது. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள், போவார்கள்; ஐரின் மட்டும் தலை நரைத்த பிறகும் அங்கேயே இருக்கிறாள். "ஐரின் ஆன்ட்டி கை பட்ட வைரஸ் பொய்யாகாது" என்று பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு. அதில் அவளுக்குப் பெருமை, சொல்லப்போனால் கொஞ்சம் திமிரே உண்டு.

அந்த வேலையில் ஒரு கட்டாய விதி இருக்கிறது. செய்த வைரஸைச் சின்னக் குழாய்களில் பிரித்து, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வெளியே எடுத்து உருகிவிட்டால் அன்றைக்கே பயன்படுத்து, இல்லையா, கொட்டு. திரும்ப உறையவைத்தால் முக்கால்வாசி செத்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுப்பவளே ஐரின்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஸ்ரீஹர்ஷா என்கிற மாணவனுக்காக அவள் குழாய்களை எடுத்து உருகவைத்தாள். அவனோ செல் இன்னும் தயாராகவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போய்விட்டான். நாள்கணக்கில் பாடுபட்டுச் செய்த வைரஸ். மீந்த சாம்பாரைக்கூடக் கொட்டாத வீட்டில் வளர்ந்தவளுக்கு மனசு வரவில்லை. ஒரு தடவைதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று திரும்ப ஃப்ரீசரில் வைத்துவிட்டாள்.

என்ன ஆகவேண்டுமோ அது ஆயிற்று. வைரஸ் நுழைந்த செல்லை மட்டும் மிச்சம் வைக்க ஒரு மருந்து ஊற்றுவார்கள். வைரஸ் நுழைந்த செல் அந்த மருந்தைத் தாங்கும், நுழையாதது சாகும். அரைகுறை வைரஸ் எத்தனை செல்லுக்குள்தான் நுழையும்? தட்டில் கிட்டத்தட்ட எல்லாமே செத்தது. பக்கத்துத் தட்டில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வைரஸ் எந்த ஜீனையும் தொடாதது. அது புதிதாகச் செய்தது, அங்கே செல்கள் கொழுகொழுவென்று வளர்ந்தன. இந்த ஜீனை அடக்கினால் புற்றுநோய் செல் செத்துப்போகிறது என்று ஸ்ரீஹர்ஷா துள்ளினான். மறுபடி மறுபடி செய்தான், எல்லாம் அதே குழாய்கள், அதே முடிவு. பிழைத்த கொஞ்ச செல்லைச் சோதித்தால் ஜீன் அடங்கித்தான் இருந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஐரினுக்கு வந்தது. சொல்லலாமா என்று அவள் வாயைத் திறந்தபோது ஸ்ரீஹர்ஷாவின் முடிவைக் கொண்டாட வாங்கிய கேக்கை அந்த வாயில் யாரோ ஊட்டினார்கள். அப்புறம் கட்டுரை வெளிவந்தது, பையன் ஜெர்மனிக்குப் போனான். பாவசங்கீர்த்தனத்தில் மகளோடு போட்ட சண்டையைச் சொல்வாள், இதைச் சொல்ல மாட்டாள். ஃபாதருக்கு யார் உட்கார்ந்து வைரஸை விளக்குவது என்று தனக்குத்தானே ஒரு சாக்கு.

இப்போது அந்த வேலையைத் தொடர வந்தவள் சிந்து, வாணியம்பாடிப் பெண். ஐரின் கொடுத்த புது வைரஸைப் போட்டாள். ஜீன் ஒழுங்காக அடங்கியது, செல்கள் தம்பாட்டுக்கு வளர்ந்தன. எத்தனை தடவை செய்தாலும் அதே கதை. கூடத்தின் தலைவர் ரகுராம் மல்லேஸ்வரத்து மனிதர், கெட்டவர் இல்லை, ஆனால் நாக்கில் முள். "ஸ்ரீஹர்ஷாக்கு வந்தது உனக்கு ஏன் வரல? கை சரியில்லம்மா. இந்தத் தடவையும் வரலைன்னா வேற வேலை பாத்துக்கோ," என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார்.

சிந்து கைகழுவும் இடத்தில் நின்று அழுதாள். "ஆன்ட்டி, நெஜமாவே என் கைதான் சரியில்லையா?"

"சேச்சே. கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஐரின். டிஷ்யூவை எடுத்து நீட்டினாள்.

பாவி, அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக அவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். நல்ல குழாய்களை ஃப்ரீசரிலிருந்து எடுத்தாள், உருகவிட்டாள், திரும்ப உறையவைத்தாள், மறுபடி உருகவிட்டாள். அதைக் கொண்டுபோய் சிந்துவிடம் கொடுத்தாள். பெண்ணின் படிப்பு தப்பிக்கட்டும், மீதியை மாதா பார்த்துக்கொள்வாள் என்று ஒரு கணக்கு.

அடுத்த வாரம் சிந்து ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "செத்துருச்சு ஆன்ட்டி, எல்லாம் செத்துருச்சு. அம்மாக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்."

ஐரினால் அந்தப் பிடியைத் தாங்க முடியவில்லை. விலக்கி நிறுத்தினாள், கதவைச் சாத்தினாள். ஸ்ரீஹர்ஷாவின் குழாய்களிலிருந்து ஆரம்பித்து நடந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சிந்துவின் முகம் வெளுத்தது. கத்துவாள், அழுவாள் என்று ஐரின் காத்திருந்தாள். சிந்து மெதுவாகக் கேட்டாள்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

"அப்ப விட்டுடுங்க ஆன்ட்டி."

அதற்குள் ரகுராம் வந்துவிட்டார். சிந்துவே தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்து, "இத்தனை நாள் எங்க போச்சு இந்தக் கை?" என்றார். சிந்து சிரித்தாள். சங்கடமே இல்லாத சிரிப்பு. அதைப் பார்த்ததும் ஐரின் மைக்ராஸ்கோப்பிலிருந்து தட்டை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"சார், அது செத்த வைரஸ். வேணும்னே நான்தான் குடுத்தேன். ஸ்ரீஹர்ஷாக்குக் குடுத்ததும் செத்ததுதான், அது தெரியாம பண்ணது. மருந்துலதான் செல் செத்துச்சு. ஜீனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

ரகுராம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கோபப்படக்கூட அவருக்கு நேரம் பிடித்தது. பிறகு சிந்துவின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இது தெரியுமா?"

சிந்து யோசிக்கவே இல்லை. "தெரியாது சார்."

அவர் ஐரினைப் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியாது சார்," என்றாள் ஐரின்.

அவர் எழுந்து போனார். கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள், ஐரினை வீட்டுக்கு அனுப்புவார்கள், அதற்கெல்லாம் அவள் தயார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தட்டுகளில் ப்ளீச் ஊற்றினார்கள். சிந்து நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆன்ட்டி என்று கூப்பிடவும் இல்லை. இந்தக் கூடத்துக்கு வந்த புதிதில் அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது.