பார்வதியக்காவின் விரல்

ஏற்காடு பஜாரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது கண்டக்டர் இறங்கி வந்து சொன்னார்: "ஏனுங்க சிஸ்டர், பார்வதியக்கா தவறிட்டாங்க. காலைல எந்திரிக்கவே இல்லீங்க." எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. தூங்கவே தெரியாத மனுஷிக்குத் தூக்கத்திலா சாவு வரும்?

கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் நான் நர்ஸ். வேலையாட்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். குழந்தைகள் இருந்த அறையை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் 'புள்ளைக்காம்பரா' என்பார். அவர் கையில் தூங்காத பிள்ளை இல்லை என்பது இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். ஜீப் சத்தம் கேட்டால் தாலாட்டு பாதியில் நின்றுவிடும் என்பதும் தெரியும். வந்தது காய்கறி ஜீப்பாக இருந்தாலும் போலீஸ் என்று கதவுக்குப் பின்னால் போய் நிற்பார்; இரவிலும் அதே பயத்தில் கண்ணை மூட மாட்டார். கலவரத்தில் படகேறித் தப்பி வந்தவருக்கு எந்த நாட்டுக் காகிதமும் கிடையாது. "அங்க இந்தியாக்காரின்னாங்க, இங்க சிலோன்காரிங்கறாங்க. நா யாரு சிஸ்டர்?" என்று கேட்பார். எனக்குக் கோபம்தான் வரும்.

எண்பதுகளில் ஒரு தேர்தல். எஸ்டேட்டே ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மையோடு திரும்பியது. ஓட்டே இல்லாத அக்காவின் இடக்கை விரலிலும் கறுப்பு இருந்தது. சில நாள் கழித்து அவர் மறைத்து வைத்திருந்த அந்தக் கையை இழுத்துப் பார்த்தேன். விரல் வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. மை இல்லாததைக் கண்டு யாராவது போலீசில் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், துணிக்குக் குறி போடும் சேங்கொட்டைச் சாற்றைத் தானே தடவிக்கொண்டிருக்கிறார். அது தோலை வேகவைத்துவிடும்.

"சேலத்துக்குப் போயே ஆகணும்க்கா. உட்டா கையே போயிரும்."

"வேணாம் சிஸ்டர். எந்த ஊருன்னு கேப்பாங்க. புடிச்சு அனுப்பிட்டா?"

வம்படியாக ஜீப்பில் ஏற்றினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இறங்கிவிடப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவர் கேட்டே விட்டார்: "எந்த ஊருங்க?" அக்காவின் நகம் என் கையில் பதிந்தது. "எங்க ஊட்டு ஆளுங்க. ஏற்காடு" என்றேன். சீட்டு எழுதியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விரலை எடுத்துவிட்டார்கள். கண் விழித்த அக்கா கட்டுப்போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "நல்லதாப் போச்சு சிஸ்டர். இனி மை எங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க." பட்டப்பகலில், வார்டு இரைச்சலுக்கு நடுவே, அசந்து தூங்கினார். அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

அதற்குப் பிறகு, ஓட்டுப் போட்டுவிட்டு அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மை அவர் கண்ணில் படாமல் இடக்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன். இனி யாருக்காகவும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான். அடுத்த தேர்தலிலும் கை தானாக உள்ளே போகும்.