பாடத்தில் இல்லாத பொத்தான்

போனுக்கு வரும் பொய்ச் செய்திகளைக் கண்டுபிடிக்க ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடம் செய்திருந்தேன். தொடுதிரையில் ஒரு செய்தி வரும். உண்மை என்றால் பச்சைப் பொத்தான், பொய் என்றால் சிவப்பு. லீவு நாளையெல்லாம் போட்டுச் செய்தது. அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

வடக்குப்பட்டுப் பக்கம் எங்கள் பிள்ளைகள் வீட்டில் யாராவது ஒருவர் கம்பெனிக்குப் போகிறவர். அதனால் என் உண்மையும் பொய்யும் முதல் நாளே காணாமல் போயின. கம்பெனி உற்பத்தி லைனில் நல்ல பீஸ் ஓகே, கழிக்க வேண்டியது என்.ஜி. "மிஸ், லாட்டரி மெசேஜ் என்.ஜி!" என்று வகுப்பே கத்தும். திருத்திப் பார்த்து அலுத்து, நானும் என்.ஜி. என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ஒருத்தி மட்டும் எதையும் அழுத்தாமல் நின்றாள்.

"இன்னாடி, ஓகேவா, என்.ஜி.யா?"

"ரெண்டும் இல்ல மிஸ். ஹோல்டு."

சந்தேகமான பீஸை மஞ்சள் டப்பாவில் தனியாக வைப்பார்களாம். சோதித்துப் பார்த்துச் சரியென்றால் ரிலீஸ், இல்லையென்றால் என்.ஜி. அவள் அம்மா வல்லம் வடகால் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அங்கிருந்து வந்த வார்த்தை. "பாடத்துல ஹோல்டு கிடையாது, எதையாவது அமுக்கு" என்று எரிந்து விழுந்தேன்.

மறுவாரம் வீட்டுப் போனோடு என்னிடம் வந்தாள். 'நிரந்தர வேலைக்கு நேர்காணல், இந்த லிங்கில் ஆதாரைப் பதியவும், நாளை கடைசி' என்று அம்மா பெயருக்குச் செய்தி. அம்மா வருஷக்கணக்காகக் காத்திருந்த வேலை. செய்தி பொய்யென்றால் ஆதார் திருட்டுப் போகும். உண்மையென்றால், அதை அழித்தால் வேலை போகும்.

"கம்பெனி வெப்சைட்டும் இதுவும் ஒண்ணான்னு பாக்கணும் மிஸ்" என்றாள். பார்த்தோம். முகவரி வேறாக இருந்தது.

"என்.ஜி.தான்டி. அழிச்சுடு."

"இல்ல மிஸ், ஹோல்டு. லிங்க தொடமாட்டேன், அழிக்கவும் மாட்டேன். காலைல ஷிஃப்ட்டுக்குப் போறப்போ அம்மா ஆபீஸ்லயே நேரா கேட்டுக்குவாங்க."

மறுநாள் மதியம், தலைமையாசிரியர் அறைக்கு வந்த அம்மாவின் போனைப் பேசிவிட்டு, வகுப்பு வாசலில் மூச்சிரைக்க நின்றாள். "மிஸ், ரிலீஸ் ஆயிடுச்சி!" கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியின் லிங்காம் அது, அம்மா ஆபீஸிலேயே உட்கார்ந்து பதிந்துவிட்டார். காரணம் தெரியாமலே மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பிள்ளை என் வகுப்பில் இருக்கிறாளே என்று அவ்வளவு பெருமை. அன்றே பாடத்தில் மஞ்சள் பொத்தான் ஒன்றைச் சேர்த்தேன்.

வேலை நிரந்தரமான பிறகு, புதுச் சீருடையில் ஸ்வீட் டப்பாவோடு அம்மா பள்ளிக்கு வந்தார்.

"எவனோ ஏமாத்துறான், அழிச்சிடுடின்னு நான்கூட சொன்னேன் டீச்சர். கேக்கவே இல்ல அவ."

"நானும் அதத்தாங்க சொன்னேன்" என்றேன்.