பன்னிரண்டு பொட்டு வைத்த கிதார்

ஒரு கிதாரின் ஒலியைப் பற்றி ஒன்பது பேர் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேச முடியும் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. தெங்கேராவில் ஒரு காப்பிக் கடையின் மாடியில் அந்தக் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் 'மஞ்சள் லோரி' இசைக்குழுவின் ரசிகர்கள். எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் உருவான குழு அது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரே ஒரு ஒலிநாடா வெளியிட்டது. எட்டுப் பாடல்கள், எதுவும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. ஒருமுறை கேட்டாலே வாய் முணுமுணுக்கும் மெட்டு, இரண்டு குரல்கள் சேர்ந்து பாடும் பல்லவி, அவற்றுக்கு மேலே கணீரென்று ஒரு கிதார். இந்த வகைக்குப் பவர் பாப் என்று பெயராம். வெளிவந்த காலத்தில் எங்கள் எஸ்டேட்டையும் பக்கத்து எஸ்டேட்டையும் தவிர வேறு யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. யாரோ அதை இணையத்தில் ஏற்றிவிட்டதிலிருந்து என் மகள் வயதுப் பிள்ளைகள் கேட்டுக் கண்கலங்குகிறார்கள்.

அந்தக் கிதாரை வாசித்தவர் என் சித்தப்பா. தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குருபோங்கில் மீன் வளர்த்துக்கொண்டு நலமாக இருக்கிறார். கூட்டத்துக்கு அவரைத்தான் அழைத்தார்கள். "மீன் தொட்டிக்குத் தண்ணி மாத்தணும், நீ போய்ட்டு வா" என்று என் மகளிடம் தள்ளிவிட்டார்.

நான் போனது இசைக்காக அல்ல. அதற்கு இரண்டு வாரம் முன்பு, நல்ல மழையில், ஆயர் குரோ நெடுஞ்சாலைச் சந்திப்பில் மகள் ஓட்டிய கார் வழுக்கி, தடுப்பில் மோதி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு மட்டும்தான். நான்தான் இன்னும் கைபேசி ஒலித்தால் அவளாக இருக்குமோ என்று பாய்ந்து எடுக்கிறேன். ஓடிப்போய் அவளைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "கார என்னடி பண்ணி வச்சிருக்க?" என்பது. அதைக் கேட்டவள் நான்தானா என்று இப்போதும் யோசிக்கிறேன். அவளைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. "இருபது நிமிஷம்தான் லா, அம்மா" என்றாள். இருபது நிமிடத்தில் என்னென்ன நடக்கலாம் என்று நான் சொல்லத் தொடங்கியதும், சாவியை என் கையில் வைத்துவிட்டாள்.

மாடியில் பேச்சு சூடாகவே நடந்தது. பெரும்பாலும் இருவர்தான் பேசினார்கள். ஒருவர் முடியைக் குதிரைவால் போலக் கட்டியிருந்த வங்கி அதிகாரி. இன்னொருவன் மடிக்கணினியும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்திருந்த இளைஞன். மூன்றாம் பாட்டின் முதல் பத்து வினாடியை அவன் திரும்பத் திரும்ப ஓடவிட்டான்.

"இது பன்னெண்டு கம்பி கிதார்தான். ஆறு கம்பியில இந்த மாதிரி மினுங்காது" என்றான் இளைஞன்.

"எஸ்டேட்ல பன்னெண்டு கம்பி யாருப்பா வச்சிருந்தா, மானேஜரா?"

"அப்ப டேப் வேகத்தக் கூட்டிருக்கணும், ப்ரோ."

"கூட்டுனா பாடுறவரு எலி மாதிரி கத்துவாரு. அவரு குரல் நல்லாத்தானே இருக்கு. கேட்டுட்டுப் பேசு."

இளைஞன் ஒருமுறை கேட்டான். பிறகு மெல்லிய குரலில், "எலி மாதிரி இல்லதான்" என்று ஒத்துக்கொண்டான்.

வங்கி அதிகாரிக்குத் தனிக் கொள்கை இருந்தது. "அந்தக் காலத்துல எல்லாரும் கிதார தடிமனா அடிச்சாங்க. இவரு ஒருத்தர்தான் அந்தத் தடிமனே வேணாம்னு தூக்கிப் போட்டாரு. கம்பிய மொத்தமா அடிக்கல, ஒண்ணொண்ணா மீட்டறாரு, கேளுங்க. கண்ணாடி வளையல் குலுங்கற மாதிரி. இன்னைக்கு இந்த ஊர்ல கிதார் தூக்குற பசங்க எல்லாம் இதத்தான் காப்பி அடிக்கிறாங்க. அதுக்கு ஒரு தைரியம் வேணும்."

சித்தப்பா இதைப் பற்றித் தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் வாய் திறந்திருக்கிறார். யாரோ தொலைபேசியில் கேட்டதற்கு, "அது சாமி குடுத்த சத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாராம். அந்த வாசகத்தைச் சட்டையிலேயே அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான் இளைஞன்.

கடைசியில் வங்கி அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க அப்ப அங்கதான இருந்தீங்க? அந்த சவுண்ட எப்படிக் கொண்டுவந்தாரு?"

"எனக்கு ஒம்போது வயசு, தம்பி. ஞாபகம் இல்ல" என்றேன்.

எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு கெட்ட பெயர் இருந்தது. நான் தொட்டது எதுவும் உருப்படியாகத் திரும்பாது. சுவர்க் கடிகாரம் எப்படி நடக்கிறது என்று திறந்து பார்த்தேன். அதன் பிறகு அது நடக்கவில்லை. அம்மாவின் தையல் இயந்திரத்துச் சக்கரத்தில் நூலுக்குப் பதிலாகக் காற்றாடிக் கயிற்றைச் சுற்றினேன். மாரியம்மன் திருவிழாவில் தேவாரம் பாடப்போன இடத்தில் ஒலிவாங்கியைக் கைநழுவ விட்டேன். அப்பா ரப்பர் ஆலையில் வேலை பார்த்தார். எந்த நேரமும் எதுவோ உடையப்போகிறது என்ற கவலையோடு நடமாடுகிற மனிதர். ஒலிவாங்கி விழுந்த அன்று அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எங்களோடு குடியிருந்த சித்தப்பாவும் கேட்க, அமைதியாக அம்மாவிடம், "இன்னும் ஒரு சாமான் இவ கையால கெட்டுச்சுன்னா, அத்த வீட்டுக்கு அனுப்பிற வேண்டியதுதான்" என்றார்.

அது வெறும் மிரட்டல் அல்ல. அத்தை ஜொகூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு ஆறும் ஆண் பிள்ளைகள். கூடமாட வேலை செய்ய ஒரு பெண்பிள்ளையை அனுப்பு என்று வருடக்கணக்காக அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே அப்பா ஒரு துணிப் பையை வாங்கிவந்து அலமாரிக்கு மேலே வைத்தார். அந்தப் பை யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த நிலையில்தான் ஆயுத பூஜை வந்தது. அந்த வருடம் பூஜை வெள்ளிக்கிழமை. மறுநாள் விஜயதசமி; தொடங்குகிற காரியம் நன்றாக நடக்கும் என்பதால் அன்று காலையில் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் பாடல்களைப் பதிவு செய்வதென்று சித்தப்பா முடிவு செய்திருந்தார். பட்டணத்திலிருந்து ஒலிப்பதிவுக்காரர் இயந்திரத்தோடு வருவதாக ஏற்பாடு. அவரை உறுதி செய்துவிட்டு வரச் சித்தப்பா வெள்ளி காலையிலேயே பஸ் ஏறிவிட்டார்.

அம்மா அடுப்படியில் சுண்டலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "பாப்பா, பூஜைக்கு வைக்கிற சாமானெல்லாம் கழுவித் தொடச்சு வையி" என்று எனக்கு வேலை கொடுத்தார். கெட்ட பெயரைத் துடைக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று தோன்றியது. ரப்பர் மரத்தில் அம்மா பால் வெட்டும் கத்தி, பால் வாளிகள், அரிவாள்மனை, அப்பாவின் திருப்புளிகள், சைக்கிள் எல்லாவற்றையும் குழாயடிக்குக் கொண்டுபோனேன். சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இரும்பாக இருந்தவற்றுக்கெல்லாம் துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

பிறகு, சித்தப்பாவின் ஆயுதம் எது என்று யோசித்தேன்.

சிங்கப்பூரிலிருந்து வந்த சிவப்பு மின்கிதார் அது. சாதாரண நாளில் அதன் பக்கம் நான் போனால் வீடே கூச்சல் போடும். ஆனால் அன்றைக்கு எல்லாவற்றையும் கழுவச் சொல்லி அம்மாவே உத்தரவு போட்டிருந்தாரே. சரஸ்வதி கையிலும் கம்பி கட்டிய வாத்தியம்தானே இருக்கிறது? அரிவாள்மனைக்குக் கிடைத்த மரியாதை அதற்குக் கிடைக்காமல் போனால் சித்தப்பா வருந்துவார் என்று முடிவு செய்தேன். குழாயடியில் படுக்கவைத்து, சோப்பு போட்டு, மூன்று வாளி தண்ணீர் ஊற்றினேன். வெயிலில் காயவைத்தேன். கம்பிகளுக்கு எண்ணெய் தடவினேன். கம்பிகளுக்குக் கீழே இரண்டு பட்டைகள் இருக்கும். கம்பியின் அதிர்வை ஒலியாக மாற்றுபவை அவை என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் பார்த்தது, ஒவ்வொரு பட்டையிலும் வரிசையாக ஆறு சின்ன உலோக வட்டங்கள் இருந்ததைத்தான். பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல இருந்தன. பன்னிரண்டுக்கும் குழைத்த சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன்.

மத்தியானம் திரும்பிய சித்தப்பா, சாமி படத்துக்குக் கீழே பால் வாளிக்கும் கத்திக்கும் நடுவில் மாலை போட்டுக்கொண்டிருந்த கிதாரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். சும்மா பொட்டு வைத்ததாக நினைத்திருப்பார். கழுவியது அவருக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அவராகவே பாராட்டட்டும் என்று நானும் சொல்லவில்லை.

"அண்ணி, சாயங்காலம் கொஞ்ச நேரம் வாசிச்சுப் பாத்துட்டு வச்சிரட்டா?" என்று கேட்டார்.

"பூஜையில வச்சத இன்னைக்கி எடுக்கக்கூடாது, தம்பி. காலையில எடுத்துக்குங்க. ஒரு நாள் வாசிக்கலன்னா கை மறந்துருமா?" என்றார் அம்மா.

ஆக, உள்ளே தேங்கிய தண்ணீர் தன் வேலையைச் செய்ய ஒரு முழு இரவு கிடைத்தது.

சனிக்கிழமை காலையில் மண்டபத்துக்கு அப்பாவும் வந்தார். ஆலைக்கு விடுமுறை. உள்ளே வந்து உட்காராமல் வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஒரு மாணவர் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா கிதாரைத் தோளில் மாட்டச் சாய்த்ததும் அதன் விளிம்பிலிருந்து இரண்டு சொட்டு நீர் தரையில் விழுந்தது. ஒலிபெருக்கியில் செருகி ஒருமுறை கம்பிகளை அடித்தார். தகரத்தில் ஆணி உரசியது போல ஒரு சத்தம் வந்தது. விசையை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். ஒரு பட்டை செத்துப்போயிருந்தது. தடித்த ஒலியைத் தருவது அதுதான்.

மத்தளம் முதல் மேற்கத்திய டிரம் வரை எதையும் அடிக்கக்கூடிய அவருடைய கூட்டாளி, எஸ்டேட்டின் லோரி ஓட்டுநர், எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான் இது? முந்தாநேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்னடா, கெட்டுப்போச்சா?"

கேட்டவர் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் விரல் நகங்களில் சந்தனம் இன்னும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அலமாரிக்கு மேலிருந்த துணிப் பையும், ஆறு பையன்களும், ஒரே வகுப்பில் பக்கத்தில் உட்காரும் என் தோழியும் ஒன்றாக மனதில் வந்து நின்றார்கள்.

சித்தப்பா குனிந்து அந்தப் பன்னிரண்டு பொட்டுகளையும் பார்த்தார். கம்பியைத் தடவி விரலை முகர்ந்தார். தேங்காய் எண்ணெய் வாசனை வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"கெடல, அண்ணே. நான்தான் இப்படி வச்சிருக்கேன். இந்தப் பாட்டுக்கெல்லாம் மெலிசாத்தான் வேணும்" என்றார்.

"பாத்தா அப்படித் தெரியலயே."

"கேட்டுப் பாருங்களேன்."

கூட்டாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தப்பா அவர் காலை மிதித்ததை நான் பார்த்தேன். பிறகு கொஞ்ச நேரம் திரும்பி உட்கார்ந்து, சட்டை நுனியால் கம்பிகளைத் துடைத்து, என்னவோ தேடினார். மொத்தமாக அடித்தால் தகரம். ஒவ்வொரு கம்பியாக மீட்டினால் மட்டும் ஒலி நீர்த்துளி போலத் தெறித்து நின்றது. எட்டுப் பாட்டுக்கும் வாசிக்க வேண்டியதை அந்த அரை மணி நேரத்தில் மாற்றினார். நெற்றியெல்லாம் வேர்வை. ஒலிப்பதிவுக்காரர் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு முறை இருமினார்.

அன்று முழுவதும் அப்பா வாசற்படியை விட்டு நகரவில்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் அது உடைந்து நிற்கும், அப்போது பிடித்துவிடலாம் என்று காத்திருந்தவர் போலத்தான் முதலில் தெரிந்தது. மூன்றாவது பாட்டில் அவருடைய கால் தாளம் போடத் தொடங்கியது. ஐந்தாவது பாட்டில் கட்டிய கைகளை அவிழ்த்தார். எல்லாம் முடிந்தபோது, "நல்லாத்தான்டா இருக்கு" என்று தம்பியிடம் சொன்னார். என் தலையில் கைவைத்து லேசாக ஆட்டிவிட்டு, வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார். நான் கழுவியதால்தான் கிதார் இவ்வளவு நன்றாக ஒலிக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இனி வருடா வருடம் கழுவித் தருகிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் பாக்கலாம், மா" என்றார். அதன் பிறகு எந்த ஆயுத பூஜைக்கும் அந்தக் கிதார் வீட்டில் இருக்கவில்லை. முதல் நாளே கூட்டாளியின் வீட்டுக்குப் போய்விடும்.

சாமான்களை லோரியில் ஏற்றும்போது, கூட்டாளி மேடைக்கு அடியிலிருந்து நீளமான ஒரு கறுப்புப் பெட்டியை இழுத்தார். திறந்து காட்டினார். உள்ளே புத்தம் புதிதாக ஒரு நீலக் கிதார் பளபளவென்று கிடந்தது. எதற்கும் ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று பட்டணத்து நண்பர் ஒருவரிடமிருந்து அதை அவர் இரவல் வாங்கி வந்திருந்தாராம்.

"காலையில கண்ணக் காட்டினேன்ல, நீ பாக்கவே இல்ல. நல்ல சாமான் இங்க படுத்திருக்கு, நாள் பூரா அந்த நனஞ்ச கட்டையோட மாரடிச்சிருக்க. கிறுக்காடா உனக்கு?"

"அண்ணன் வாசல்லயே நின்னாருடா" என்றார் சித்தப்பா.

கூட்டாளி வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெட்டியை மூடி லோரியில் ஏற்றினார்.

அப்பா வாசலில் நிற்பதற்கும் எந்தக் கிதாரை வாசிப்பது என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று வீடு வரை யோசித்துக்கொண்டே நடந்தேன். அப்பாவுக்கு நீல நிறம் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.