வாலில்லாத சட்டை

அப்பாவின் தோள் எலும்பில் புற்று இருப்பது ஜூலையில் தெரிந்தது. துப்பாக்கியின் உதையை அந்த எலும்பு தாங்காது என்றார் மருத்துவர். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். மறுநாளே கொட்டகையில் தோட்டா செய்ய உட்கார்ந்துவிட்டார்.

தெற்கு அயோவாவில் எங்கள் பக்கம் மான் வேட்டைக்கு ஷாட்கன்தான்; தோட்டாவுக்குள் ஒற்றை ஈயக்குண்டு. கடைத் தோட்டா குதிரை மாதிரி உதைக்கும். அப்பா வெடிமருந்தைக் குறைத்தார், குண்டை இலேசாக்கினார், இரண்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்பை மாற்றினார். நான் இயந்திரப் பொறியாளர். பக்கத்தில் நின்று குண்டின் வேகத்தை அளந்தேன். உதை குறையக் குறைய வேகமும் குறைந்தது.

"இது ஆகஸ்ட் வெயில்ப்பா. டிசம்பர் குளிர்ல மருந்து இன்னும் மந்தமா எரியும். நாலு தோட்டாவ ஃப்ரீசர்ல வச்சு சுட்டுப் பார்ப்போம்."

"ஐஸ்கிரீம் பக்கத்துல தோட்டாவா? உங்கம்மா என்னையும் சேர்த்து வெளிய தள்ளிடுவா. போடி."

வேட்டையின் முதல் நாள் மூக்கு மயிர் உறையும் குளிர். அப்பாவின் வேட்டைத் தோழர் லைல் ஸ்டைனரும் மற்றவர்களும் காட்டுக்குள் நடந்து மான்களை விரட்டினார்கள். வேலியோரம் அப்பாவும் நானும் நின்றோம். கொம்புள்ள ஆண் மான் ஒன்று நாற்பது கெஜத்தில் வந்து பக்கவாட்டில் நின்றது. அப்பா சுட்டார். கம்பளத்தைத் தட்டினாற்போல் ஒரு சத்தம். மானின் வயிற்றுக்குக் கீழே பனி தெறித்தது. மான் எங்களைப் பார்த்துவிட்டு ஓடியது.

தடத்தில் வெகுதூரம் போய்ப் பார்த்தேன். ரத்தம் இல்லை.

"காயம் படல இல்ல?" என்றார்.

"படலப்பா."

"அது போதும்."

எங்கள் பக்க வேட்டை வழக்கப்படி, குறி தவறியவனின் சட்டை வாலை, பின்பக்கம் தொங்கும் பகுதியை, அறுத்து, பெயர் எழுதி, லைலின் கொட்டகை உத்தரத்தில் ஆணியடிப்பார்கள். அப்பாவின் பெயர் அங்கே இருந்ததில்லை. அன்று மாலை அங்கே கூடியபோது யாரும் கத்தியை எடுக்கவில்லை. லைல் காப்பி ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"என்னடா, கத்தி துருப்பிடிச்சிருச்சா?" என்றார் அப்பா.

"விடு ஆர்லன். குளிர்... தோட்டா சரியில்ல."

"போன வருஷம் உன் சட்டைய அறுத்தப்ப மட்டும் வெயிலா அடிச்சுது? இன்னும் சாகலடா நான்."

திரும்பி நின்று, வலிக்காத கையால் சட்டையை வெளியே இழுத்துப் பிடித்தார். லைல் கத்தியை எடுத்தார். விரலகலத்துக்கு ஒரு துண்டு அறுத்தார்.

"இவ்வளவுதானா? கஞ்சப் பயலே, நல்லா அறு."

லைல் இடுப்புவரை அறுத்தார். கொட்டகையே சிரித்தது. அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதன்பின் அவர் துப்பாக்கியைத் தொடவில்லை.

மார்ச்சில் போய்விட்டார். அடக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் இடத்திலிருந்து ஓர் இளைஞன் தயங்கித் தயங்கி ஃபோன் செய்தான்.

"மேடம், நீங்க குடுத்த சட்டையில பின்பக்கம் பாதி இல்ல. வேற ஏதாவது கொண்டு வர்றீங்களா?"

"வேண்டாம். அதையே போட்டு விடுங்க," என்றேன்.